முட்டைப் பெட்டிக்கு என்ன போடுவது?

மர அறுவை மில்லில் அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை முழங்காலிட்டு உட்கார்ந்து, வாய் அவிழ்த்த மூட்டையிலிருந்த மரத்தூளின்மேல் இடது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தவர் ரம்பத்தையே நிறுத்திவிட்டார்.

"ஏ தாயி, தூக்கம் வந்தா வீட்டுல போயித் தூங்கு. இங்கன லோடு ஏத்தணும்" என்றார் ஒருவர்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. கோழிக்குப் படுக்கை பாக்கேன்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எழுந்தபோது பாதி முகம் தேக்குத் தூளில் மஞ்சளாக இருந்தது. "இது ஆகாதுட்டி. வச்ச ஒடனே மெத்துனு இருக்கு, பொறவு அரிக்குது. வா போவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. ராஜபாளையத்தின் தெற்குக் கடைசியில் ஒரே சுவர் நடுவில் இருக்கிற லைன் வீடுகளில் அவளுக்கு அடுத்த வீடு எனக்கு. தளவாய்புரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி நைட்டி தைத்துக் கொடுக்கிறவள் நான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே, "என்னை அத்தேன்னு கூப்பிடு, அக்கான்னு கூப்பிட்டா எனக்கு வயசு கொறைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டாள். பெயரை எழுத மாட்டேன். அவளுக்குப் பிடிக்காது. இப்போது மகாராஜபுரத்தில் தங்கச்சி வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. ஆறு வருஷமாகிறது, நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வத்திராயிருப்பு பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எதன்மேலும் இன்னொரு உயிர் படுக்கப்போகிறது என்றால், அதில் முதலில் அவள் கன்னம் படுக்க வேண்டும். அதுதான் அத்தை. என் மகனுக்குத் தொட்டில் கட்டினோம். சேலையை நாலாக மடித்துப் போட்டதும் குனிந்து கன்னத்தை வைத்தாள். "இந்த மடிப்பு புள்ளைக்கு முதுகுல உறுத்தும்" என்று பிரித்து மறுபடி கட்டினாள். கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று ஒரு நாள் கேட்டேன். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மில்லில் கோன் சுற்றுகிற பிரிவில் இருபது வருஷம் நூலை முடிச்சுப் போட்ட கை. விரல் நுனிகளெல்லாம் காய்த்துப் போய், நூல் அறுத்த தழும்பு குறுக்கும் நெடுக்குமாக இருந்தது.

"இந்தக் கை செத்துப்போச்சுட்டி. சுடுதா குளுருதான்னே இதுக்குத் தெரியாது. கன்னத்தை எந்த மில்லுக்கும் நான் குடுக்கலெல்லா, அதான் அது இன்னும் உசுரோட இருக்கு."

மாமா, அதாவது அவள் புருஷன், பேண்டேஜ் துணித் தறி ஓட்டினவர். மாங்காய்ப் பருவத்தில் மலையடிவாரத்துத் தோப்புகளுக்குக் காய் பறிக்கவும் போவார். அப்படிப் போன ஒரு நாள் கிளை முறிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பிள்ளை குட்டி கிடையாது. அவளும் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். நாலாவது மாதம் மாமாவுக்கு முதுகுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண் வந்தது. பிறகு உள்ளங்கை அகலம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற நர்சம்மா கண்டிப்பானவர். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைக்கணும். தெனம் ரெண்டு முட்டை, ஒரு நாள் தவறக் கூடாது. சதை வளந்தாத்தான் புண்ணு மூடும். மூடலேன்னா எலும்புக்குப் போயிரும், பொறவு எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

கடை முட்டை மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த அன்றைக்கே வயிறு கழிந்தது. படுத்த இடத்தில் கழிந்தால் அது புண்ணில் படும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த நாற்றத்தை எழுத முடியாது. நாட்டுக்கோழி முட்டை கேட்டு நாலு தெரு அலைந்துவிட்டு, அத்தை பத்துக் கோழி வாங்கினாள். குளியலறைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மார்க்கெட்டில் கழித்துப்போட்ட தக்காளிப் பெட்டிகள் நாலைச் சாய்த்துவைத்து, சாக்குத் திரை கட்டினாள். கோழிகள் அந்தப் பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, நேரே கருவேலம் புதருக்குள் போய் முட்டையிட்டன. காக்காயும் கீரிப்பிள்ளையும்தான் கொழுத்தன. பெட்டிக்குள் தப்பித் தவறி விழுந்ததும் அடியில் தட்டி விரிசல் விட்டது.

அத்தைக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். "அடியில போட்டது சரியில்ல."

அவளுடைய சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அங்கேயிருந்து அண்ணன்காரர் டவுன் பஸ்ஸிலேயே வைக்கோல் கொண்டுவந்து போட்டார். மூன்றாம் நாள் செள்ளுப் பூச்சி பிடித்துக்கொண்டது. அத்தை கன்னம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. உமி போட்டால் கோழி ஒரே கிளறலில் வெளியே தள்ளியது. கடலைத் தோல் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மாமாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது அவள் கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்திருந்ததைப் பார்த்து அவர், "யாருட்ட அறை வாங்கிட்டு வார?" என்று கேட்டார். தென்னை நார்க்கழிவு பரவாயில்லை என்றாள். மழை பெய்தது, அது ஈரத்தைக் குடித்து ஊறிப்போய் எறும்பு ஏறியது. ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் காலி பண்ணி, கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே ஓடிப்போய் மாமாவைத் திருப்ப வேண்டும். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மாமாவின் படுக்கையிலும் இதே கூத்துத்தான். யாரோ கொடுத்த காற்றுப் படுக்கையில் கன்னத்தை வைத்து, "பொணத்தைத் தொட்ட மாதிரி சில்லுனு கெடக்கு" என்று சுருட்டி மூலையில் போட்டாள். வாழையிலை விரித்தாள். கேழ்வரகை நிரப்பி மெத்தை தைத்தால் புண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். நான்தான் தைத்துக் கொடுத்தேன். பத்தே நாளில் ஒரு மூலையில் தையல் விட்டு, கேழ்வரகு சிந்தி, கோழியெல்லாம் வீட்டுக்குள் வந்து மாமாவைச் சுற்றிக் கொத்த ஆரம்பித்துவிட்டது. கறுப்புக் கோழி ஒன்று, கறுப்பி என்று கூப்பிடுவோம், அவர் போர்வைக்குள் புகுந்து முழங்காலுக்குப் பக்கத்தில் முட்டையே இட்டுவிட்டது. அவருக்கு அங்கே உணர்ச்சி ஏது? கை பட்டபோதுதான் சூடாக ஒன்று கிடப்பது தெரிந்திருக்கிறது.

"ஏ இவளே! ஓடியா! நான் முட்டை போட்டுட்டேன்!"

அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அத்தை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு பாரு, அவிய படுக்கை நல்லாருக்குன்னு. கூட்டுலதான் நான் என்னமோ தப்புப் பண்ணுதேன். படுக்கிற எடம் சரியில்லேன்னா எந்த உசுருதான் எதைக் குடுக்கும்? அவிய சதையும் அப்படித்தான், முட்டையும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி."

இது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வராது. மறுவாரம் கட்டு மாற்றப் போனபோது நர்சம்மா முகத்தைச் சுளித்தார். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. "முட்டை குடுக்கீங்களா இல்லையா?" என்று கேட்டார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அது இறுகிக்கொண்டே போனது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பஞ்சை விட்டால் வேறு எதிலும் புத்தி போகாது. பிள்ளை பிறந்தால் பஞ்சு, காயம் பட்டால் பஞ்சு, செத்தால் மூக்கில் பஞ்சு. ஊரே பஞ்சிலும் நூலிலும் சாப்பிடுகிற ஊர். என் வீட்டு மூலையிலோ நைட்டி வெட்டின துண்டும் பிசிறும் நூலுமாக மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எல்லாம் சுத்தப் பருத்தி. இதை எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் போனோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, நல்ல மெத்து மெத்தென்று இருந்த ஒரு மூட்டையைப் பிரித்து, பட்டன், ஊசி ஏதும் இருக்கிறதா என்று சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு, அத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தை வைத்தாள்.

"ஆத்தீ" என்றாள். வேறு எதற்கும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ரோஸும் ஊதாவும் பூப்போட்டதுமான துண்டுகளுக்குள் முகம் பாதி புதைந்தது. நான் காத்திருந்தேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். கூப்பிட்டேன், பதில் இல்லை. குனிந்து பார்த்தால் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குழந்தை தூங்குகிற மாதிரி. எத்தனை மாதத் தூக்கமோ. எழுப்ப மனசு வரவில்லை. மாமாவை அந்த ஒரு தடவை நானே போய்த் திருப்பிப் படுக்க வைத்தேன்.

"அவ தூங்குதாளா?" என்று மாமா மெல்லக் கேட்டார். "எழுப்பாத தாயி. மருந்து கண்டுபிடிச்சிட்டா போல."

நாலு பெட்டியிலும் துணியும் நூலும் திணித்தோம். மறுநாளே ரெண்டு கோழி உள்ளே போய் உட்கார்ந்தன. அதற்கு மறுநாள் ஐந்து. அந்த வாரம் முழுக்க முட்டையென்றால் முட்டை, விரிசல் இல்லாமல், எச்சம் ஒட்டாமல். மாமாவுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது நர்சம்மா, "ஓரம் செவக்குது. இது நல்ல செவப்பு" என்றார். அத்தை அங்கேயே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீதாம்ட்டி எங்களுக்குக் கொலதெய்வம்" என்றாள். நானும் ஏற்றுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஒன்பதாம் நாள் காலையில் வெள்ளைக் கோழி இரை எடுக்காமல் நின்றது. கழுத்துக்கு அடியில் இரைப்பை எலுமிச்சம்பழம் போலப் புடைத்து, அழுத்தினால் கல்லாக இருந்தது. அலகோரத்தில் ஊதா நூல் ஒன்று தொங்கியது. நான் அதைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதட்டீ!" என்று அத்தை கத்தினாள். அதற்குள் இழுத்துவிட்டேன். வந்துகொண்டே இருந்தது. கோழி றெக்கையை ஒரு தடவை விரித்தது, அவ்வளவுதான்.

மற்றக் கோழிகளைப் பிடித்துப் பார்த்தோம். கொத்திக் கொத்தித் தின்றிருக்கின்றன. புழு என்று நினைத்தனவோ என்னவோ. ஒன்றுக்குக் கால் விரலில் நூல் சுற்றி விரலே கறுத்துக் கிடந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் இன்னொன்று சாய்ந்திருந்தது. மூன்று நாளில் எட்டுக் கோழி. அத்தை விளக்கெண்ணெய் ஊற்றினாள், இரைப்பையை நீவி நீவி விட்டாள், ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக்கொண்டு "அம்மா, கக்கிரு, கக்கிரும்மா" என்று கெஞ்சினாள். ஒன்றும் கக்கவில்லை.

கறுப்பியும் தலையைத் தொங்கப்போட்டபோது அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். புது பிளேடு ஒன்றை அதில் போட்டாள். கோழியைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். இறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீர் தடவி, இரைப்பையைக் கீறினாள். உள்ளே விரலை விட்டு எடுத்தாள். பூப்போட்ட துண்டு, ஊதா நூல், ரோஸ் நூல், எல்லாம் திரித்த மாதிரி ஒரே பந்தாக வந்தது. நான் வெட்டின துணி. எனக்கு அந்தப் பூவின் டிசைன் நம்பர்கூட நினைவிருந்தது.

"நீ தையக்காரிதான? தை" என்றாள்.

"அத்தே, நான் துணிதான் தைப்பேன்."

"இதுவும் தையலுதான். தை. உள்தோலுக்குத் தனியா, மேல்தோலுக்குத் தனியா. எங் கைக்குத் தோலு எது, நூலு எதுன்னு தெரியாதுட்டி."

தைத்தேன். அதே நூல் கண்டிலிருந்து எடுத்து, வெந்நீரில் போட்டு, அதே நூலால் தைத்தேன். கறுப்பி என் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது.

முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, "எல்லாம் என்னாலதான் அத்தே" என்றேன். என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஒன்னச் சொல்லி என்னத்துக்கு? இருவது வருசம் நூலுக்குள்ளயே கெடந்தவ நானு. நூலு வெரல அறுக்கும்னு எனக்குத் தெரியாதா? கோழிக்கு அலகு இருக்குன்னு தெரியாதா? இந்தக் கன்னம் மெத்துனு இருக்கான்னு மட்டும் பாத்துச்சு. தூக்கம் வந்துச்சு, அம்புட்டுதான், நல்லதுன்னு சொல்லிருச்சு."

பிறகு சாமி முன்னால் தப்புக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்று, ரெண்டு அல்ல. பளார் பளாரென்று இடது கன்னத்தில் மட்டும். நான் கையைப் பிடித்தும் நிற்கவில்லை. உள்ளேயிருந்து மாமா, "என்ன சத்தம்? ஏ, என்ன சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து வர முடியாத மனுஷன்.

அதற்கப்புறம் அவள் எதன்மேலும் கன்னத்தை வைக்கவில்லை. பெட்டிக்கு என்ன போடலாம் என்று கேட்டால், "என்னத்தையும் போடு" என்பாள். நானே வைக்கோல் வாங்கி, ரெண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, வேப்பிலை கலந்து போட்டேன். கறுப்பி பிழைத்துக்கொண்டது, ஆனால் முட்டையிடவில்லை. மிஞ்சிய இன்னொன்று நொண்டிக்கொண்டு திரிந்தது. தளவாய்புரத்துக்குத் துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் வீடு வீடாகக் கேட்டு, இங்கே ஒன்று அங்கே ரெண்டு என்று நாட்டு முட்டை வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொள்வாள். சில நாள் கிடைக்காது. கிடைக்காத அன்றைக்கு அவள் வீட்டு வாசலைத் தாண்ட எனக்குக் கால் வராது.

ரெண்டு மாதத்தில் மாமாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்த்தோம். நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எலும்புக்குப் போயிருச்சும்மா" என்றார். முட்டை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது, இது அதையெல்லாம் தாண்டின சீக்கு" என்றார். அவர் நல்ல மனசுக்காரர். நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. எட்டாம் நாள் காலையில் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வந்தபோது சைரன் போடவில்லை.

மதியத்துக்குள் சுந்தரபாண்டியத்துச் சனம் வந்துவிட்டது. வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டி, தென்னங்கீற்று பின்னி விரித்து, மேலே கொஞ்சம் வைக்கோல் போட்டார்கள். குளிப்பாட்டித் தூக்கி வரும் நேரம். அதுவரை சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வெளியே வந்தாள்.

"ஏத்தா, நீ அங்கிட்டுத் தள்ளிக்க" என்றார் பாடை கட்டினவர்.

அவள் பாடைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். குனிந்து, மாமாவின் புண் படப்போகிற இடம் பார்த்து, இடது கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒப்பாரி அப்படியே நின்றது. அண்ணன்காரர் அவள் தோளைப் பிடித்துத் தூக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

"குத்துது" என்றாள். "புண்ணுல குத்தும்."

அவள் தலையைத் தூக்காமலே என்னைத் தேடினாள். "ஏட்டி, எங்க இருக்க?"

நான் கொட்டகைக்கு ஓடினேன். கறுப்பி பெட்டிக்குள் படுத்திருந்தது. அதைத் தூக்கி வெளியே விட்டேன். முந்தின நாள்தான் மாற்றிய வைக்கோல், அது படுத்திருந்த சூடு அதில் இருந்தது. ரெண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, ஒரு நூல் கிடக்கிறதா என்று விரல் விட்டு அளைந்து பார்த்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து அந்த இடத்தில் பரப்பினேன். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தை மறுபடி கன்னத்தை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"இப்பச் சரி" என்றாள். "அவியளப் படுக்க வைங்க."